பபுள் பாபுள் ஏன் இன்னும் பெரிய கேம்? தனியா ஆடிட்டுக் கேட்டவருக்கு ஒரு நீள பதில்

உங்க கேள்வி இதுதான்: ஏதோ ஒரு பழைய ஆர்கேட் (கடைல காசு போட்டு ஆடுற கேம் மெஷின்) கலெக்‌ஷன்ல பபுள் பாபுள் போட்டுத் தனியா ஒரு இருபது ரவுண்டு ஆடிப் பார்த்தீங்க, ரெண்டு குட்டி டைனோசர் குமிழி விடுது, எதிரியை உள்ள அடைக்குது, உடைச்சதும் பழம் விழுது, அதைப் பொறுக்குது, அவ்வளவுதானே, இதை ஏன் நாற்பது வருஷமா எல்லாரும் தலைமேல தூக்கி வெச்சுக் கொண்டாடுறாங்க, இதுல இருந்து பின்னாடி அப்படி என்ன வந்துச்சு?

தனியா ஆடினேன்னு சொன்னீங்க பாருங்க, பாதி பதில் அங்கயே இருக்கு. இந்த கேம் ரெண்டு பேருக்காகவே கட்டினது, ரெண்டாவது ஆளு வந்து நின்னாதான் அதோட முழு உருவமும் தெரியும். மீதி பாதி என்னன்னா, நீங்க ஆடுறதையெல்லாம் இந்த கேம் சத்தமில்லாம உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்கு. ரெண்டையும் விரிவா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

1986ல ஜப்பான்ல டைட்டோ கம்பெனி வெளியிட்ட கேம் இது. டிசைன் பண்ணவர் ஃபுகியோ மிட்சுஜி, கேமுக்குள்ள எம்டிஜேன்னு மூணு எழுத்துல கையெழுத்துப் போடுறவர். அந்தக் காலத்து ஆர்கேட்னா பெரும்பாலும் ஆம்பளைப் பசங்க தனித்தனியா நின்னு சுட்டுத் தள்ளுற இடம், அங்க பொண்ணுங்களும் வரணும், ஜோடியா வந்து ஒண்ணா ஆடணும்னு யோசிச்சுத்தான் குமிழி, அழகான குட்டி டைனோசர், பழம், கேக்குன்னு அவர் போனாரு. அப்புறம் நேரத்தையும் கவனிங்க. முந்தின வருஷம் 1985ல சூப்பர் மரியோ பிரதர்ஸ் வந்து, பிளாட்ஃபார்ம் கேம்னா, அதாவது மேடைக்கு மேடை குதிச்சுப் போற கேம்னா, பக்கவாட்டுல ஓடிக்கிட்டே இருக்கணும்னு எல்லாரும் நினைக்க ஆரம்பிச்சாச்சு. அந்த நேரத்துல இவர் நகராத ஒரே திரை, அதுல ஒரு ரவுண்டு, முடிஞ்சா அடுத்த ரவுண்டு, மொத்தம் 100ன்னு பழைய மரியோ பிரதர்ஸ் (1983ல வந்த ஆர்கேட் கேமைச் சொல்றேன்) காலத்து அமைப்புக்கே திரும்பிப் போனாரு. பின்னோக்கிப் போன மாதிரி தெரியும், ஆனா அந்த ஒத்தைத் திரைக்குள்ள அவர் அடைச்சு வெச்சது வேற எந்த கேம்லயும் அப்ப இல்லை.

முதல்ல குமிழியைப் பார்ப்போம், எல்லாமே அதுலதான் தொங்குது. பட்டனை அமுக்குனா டைனோசர் வாயில இருந்து குமிழி நேரா கொஞ்ச தூரம் வேகமா பாயும், அந்தப் பாய்ச்சல்ல எதிரி மேல பட்டாதான் எதிரி உள்ள மாட்டுவான். அந்த தூரம் தாண்டிட்டா அது வெறும் குமிழி, மிதக்கும், அதால யாரையும் பிடிக்க முடியாது. ஆனா அது மேல குதிச்சு ஏறலாம், குதிக்கிற பட்டனை விடாம பிடிச்சிருந்தா குமிழி மேலயே துள்ளித் துள்ளி எட்டாத பிளாட்ஃபார்முக்குப் போகலாம். அப்ப ஒரே பொருள் தோட்டா, கூண்டு, படிக்கட்டு மூணாவும் இருக்கு. மாட்டின எதிரியை அப்படியே விட்டீங்கன்னா குமிழி நிறம் மாறிக்கிட்டே வந்து கடைசில செவந்து வெடிக்கும், உள்ள இருந்தவன் கோபத்தோட முன்னை விட வேகமா வெளிய வருவான். அதனால பிடிச்சா மட்டும் போதாது, எப்ப உடைக்கணும்ங்கிற கணக்கும் ஓடிக்கிட்டே இருக்கணும்.

இதுக்கு மேல இன்னொரு அடுக்கு, இதைத்தான் தனியா ஆடுற நிறைய பேர் கவனிக்கிறதே இல்லை. ஒவ்வொரு ரவுண்டுலயும் கண்ணுக்குத் தெரியாத காத்தோட்டம் ஒண்ணு இருக்கு. ஒரு ரவுண்டுல குமிழியெல்லாம் மேல போய் நடுவுல கூடும், இன்னொண்ணுல சுவரோரமா சுத்தும், வேற ஒண்ணுல கீழ இறங்கும். அப்ப ஆறு பேரைத் தனித்தனியா பிடிச்சு விட்டாலும் காத்தே எல்லாரையும் ஒரே இடத்துல கொண்டு வந்து சேர்க்கும், அந்த இடம் எதுன்னு தெரிஞ்சவன் அங்க போய் நின்னு ஒரே ஒரு தடவை முட்டினா போதும், சரம் பட்டாசு மாதிரி எல்லாமே வரிசையா வெடிக்கும். 100 ரவுண்டையும் மனப்பாடமா ஆடுறவங்க எதிரி எங்க நிக்கிறான்ங்கிறதை விட, இந்த ரவுண்டுல காத்து எங்க போகுதுன்னுதான் முதல்ல ஞாபகம் வெச்சிருப்பாங்க.

ஏன் எல்லாரையும் சேர்த்து வெடிக்கணும்? ஸ்கோர்தான். ஒருத்தனை உடைச்சா 1000. சேர்த்து உடைக்க உடைக்க 2000, 4000ன்னு இரட்டிப்பாகி, ஏழு பேர் சேர்ந்தா 64000 வரைக்கும் போகும். அவசரப்பட்டு ஒவ்வொருத்தனா உடைக்கிறவனுக்கும் பொறுமையா சேர்த்து வெடிக்கிறவனுக்கும் இடைவெளி மலைக்கும் மடுவுக்கும். அது மட்டுமில்ல, நிறைய பேரை ஒரே நேரத்துல வெடிச்சாதான் எழுத்துக் குமிழிகள் வரும், எக்ஸ்டெண்ட் (EXTEND)ங்கிற ஆறு எழுத்தையும் சேர்த்துட்டா ஒரு உயிர் கூடுதல், ரவுண்டும் அந்த நிமிஷமே முடிஞ்சிடும். ஆக பேராசைக்குக் கூலி இருக்கு, ஆனா காத்திருக்கிற ஒவ்வொரு விநாடியும் குமிழி செவந்துக்கிட்டே வருது, இந்த இழுபறிதான் கேமோட உயிர்.

இப்ப பக்கத்துல ஒரு ஆளை நிறுத்திப் பாருங்க. நீங்க பொறுமையா அஞ்சு பேரை மூலைல சேர்த்து வெச்சிருக்கீங்க, அவன் ஓடி வந்து முட்டி உடைச்சிட்டான்னா அந்த ஸ்கோர் முழுக்க அவனுக்கு. விழுற பழத்தை யாரு தொடுறாங்களோ அவங்களுக்கு. எழுத்துக் குமிழியும் அப்படித்தான், உங்களுக்கு ஒரே எழுத்து பாக்கின்னு தெரிஞ்சும் அவன் எடுத்துட்டுப் போகலாம். ஆனா ஒருத்தரை ஒருத்தர் அடிக்கவோ கொல்லவோ வழியே கிடையாது, அவன் குமிழி உங்களை அடைக்காது, அதே நேரம் அவன் விட்ட குமிழி மேல ஏறித்தான் நீங்க மேல போவீங்க, அவன் ஒரு பக்கம் மறிச்சு நின்னாதான் நீங்க மறுபக்கம் பிடிக்க முடியும். முந்தி சொன்ன பழைய மரியோ பிரதர்ஸ்ல கூட ஆடுறவனைக் கீழ இருந்து இடிச்சு எதிரிகிட்ட மாட்டி விடலாம், அங்க பகை வரும். இங்க ஒரே திரைல கூட்டும் போட்டியும் ஒண்ணா இருக்கு, ஆனா கசப்பு வராது. என் பார்வைல மிட்சுஜி செஞ்ச பெரிய காரியம் இதுதான், ரெண்டு பேர் ஆடுற கேம் அதுக்கு முன்னாடியும் எத்தனையோ வந்திருக்கு, இவ்வளவு நுணுக்கமா அளந்து வெச்சது வரலை.

அடுத்தது எண்ணுற விஷயம். ஆடும்போது திடீர்னு ஒரு மிட்டாய், ஒரு ஷூ, ஒரு குடைன்னு பொருள் தோணும், பார்க்கிறவங்களுக்கு ஏதோ சும்மா வர்ற மாதிரி இருக்கும். சும்மா வர்றதில்லை. எத்தனை தடவை குதிச்சீங்க, எத்தனை குமிழி விட்டீங்க, எத்தனை உடைச்சீங்க, எவ்வளவு தூரம் ஓடினீங்க, எத்தனை தண்ணிக் குமிழி (உடைச்சா தண்ணி ஓடுற குமிழி) உடைச்சீங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் உள்ள ஒரு கவுண்டர் ஓடுது, அது ஒரு அளவைத் தொட்டதும் அடுத்து வர்ற ரவுண்டுல அதுக்குரிய பொருள் வரும். நிறைய குதிச்சவனுக்கு மஞ்சள் மிட்டாய், வேகவேகமா குமிழி விடலாம். நிறைய ஓடினவனுக்கு ஷூ, ஓட்டம் கூடும். தண்ணிக் குமிழி நிறைய உடைச்சவனுக்குக் குடை, அதை எடுத்தா சில ரவுண்டைத் தாண்டி நேரா மேல போயிடலாம், குடையோட நிறத்தைப் பொறுத்து எத்தனை ரவுண்டுங்கிறது மாறும். அதாவது நீங்க எப்படி ஆடுற ஆளோ அதுக்கு ஏத்த மாதிரி கேம் உங்களுக்குக் குடுக்குது, ஆனா எங்கயும் இதைச் சொல்றதில்லை. ஆர்கேட்ல பக்கத்துல நின்னு பார்த்து, ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லி, இப்படித்தான் இந்த விதிகள் வெளிய வந்துச்சு.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்துல வெச்சுக் காட்டுறேன். ரவுண்டோட கடைசி எதிரியை உடைக்கிற நேரத்துல உங்க ஸ்கோர்ல பத்தாம் இடமும் நூறாம் இடமும் ஒரே எண்ணா இருந்தா, திரைல மிதக்கிற காலிக் குமிழியெல்லாம் தின்பண்டமா மாறிக் கொட்டும். காலிக் குமிழி ஒண்ணு உடைச்சா 10 பாயிண்ட். இப்ப ஸ்கோர் 23,420ல நிக்குதுன்னு வைங்க, நூறாம் இடம் 4, பத்தாம் இடம் 2, அப்ப ரெண்டே ரெண்டு காலிக் குமிழியை உடைச்சா 23,440 ஆயிடும், அதுக்கப்புறம் அடைச்சு வெச்சிருக்கிற கடைசி ஆளை உடைக்கணும். அந்த ஆளோட ஆயிரம் கூடினாலும் பத்தாம் இடமும் நூறாம் இடமும் மாறாது பாருங்க. தெரிஞ்சவங்க ஆடும்போது கடைசி எதிரியை விட்டுட்டு எதுக்கோ வெறும் குமிழியை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி உடைச்சுக்கிட்டு இருப்பாங்க, காரணம் இதுதான். பக்கத்துல நிக்கிற ரெண்டாவது ஆளு அந்த நேரம் திரை நிறைய குமிழி விட்டுக் குடுக்கணும், அதுவும் கூட்டு வேலைதான்.

சும்மா காத்துக்கிட்டே இருக்கவும் முடியாது. நேரம் போனா ஹரி அப்னு எழுத்து வரும், பாட்டு வேகமாகும், எதிரியெல்லாம் கோபமாயிடுவாங்க, அதுக்கும் மேல நின்னா கொல்லவே முடியாத ஒரு எலும்பு வடிவம் வந்து உங்களையே குறி வெச்சு வரும். அந்தப் பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும், டடாஷி கிமிஜிமா போட்டது, கிட்டத்தட்ட கேம் முழுக்க அதே ஒரே மெட்டுதான் திரும்பத் திரும்ப வருது, நூறு ரவுண்டு கேட்டும் எனக்கு அலுக்கலை, கேமை நிறுத்தின பிறகும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்.

சரி, முடிவுக்கு வருவோம், நீங்க தனியா ஆடினது தப்பாப் போனது இங்கதான். 20, 30, 40ன்னு இந்த ரவுண்டுகளுக்கு ஒரு உயிர் கூட போகாம வந்தா ஒரு கதவு தோணும், உள்ள போனா வைரமா நிறைஞ்ச ரகசிய அறை, சுவத்துல புரியாத எழுத்துல ஏதோ செய்தி. அந்த எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு இங்கிலீஷ் எழுத்துக்குப் பதிலா நிக்குது, ஆடுறவங்க உக்காந்து அதை அவிழ்த்துப் படிச்சிருக்காங்க. கதைப்படி இந்த டைனோசர் ரெண்டும் உண்மைல சின்னப் பசங்க, சாபத்துல இப்படி மாறிட்டாங்க, அவங்க காதலிகளை வேற தூக்கிட்டுப் போயாச்சு. 100வது ரவுண்டுல சூப்பர் டிரங்க்னு பாட்டிலா வீசுற ஒரு பெரிய ஆளு, மின்னல் குமிழியாலதான் அவனை அடிக்க முடியும், மின்னலோ நீங்க பார்த்து நிக்கிற திசைக்கு எதிர்ப்பக்கம் பாயும், அதனால அவனுக்கு முதுகைக் காட்டி நின்னு உடைக்கணும். இவ்வளவு கஷ்டப்பட்டுத் தனியா ஜெயிச்சீங்கன்னா கேம் என்ன சொல்லுதுன்னா இது உண்மையான முடிவு இல்லை, உன் கூட்டாளியோட வா. ரெண்டு பேரா ஜெயிச்சா பசங்க மனுஷங்களா மாறி காதலிகளோட சேருவாங்க. அதோட விட்டுச்சான்னா இல்லை, அங்க சூப்பர் மோடுக்கான குறிப்பு கிடைக்கும், எதிரிகள் இடம் மாறி இன்னும் கடுமையான அந்த 100 ரவுண்டையும் மறுபடி ரெண்டு பேரா முடிச்சாதான் தெரியும், அந்த சூப்பர் டிரங்க் வேற யாருமில்லை, பசங்களோட சொந்த அப்பா அம்மா, அவங்களும் சாபத்துலதான் இருந்திருக்காங்க. 1986ல ஆர்கேட் கேம்ல முடிவுன்னாலே ஒரு வாழ்த்து, அப்புறம் மறுபடி முதல்ல இருந்துங்கிற காலம். அங்க மூணு விதமான முடிவு, அதுலயும் நல்ல முடிவு தனியாளுக்குக் கிடையவே கிடையாதுன்னு வெச்சது ரொம்பத் துணிச்சல்.

மெஷின் பக்கம் சுருக்கமா. மெயினா ரெண்டு இசட்80 (அந்தக் காலத்து ப்ராசஸர் சிப்), சத்தத்துக்கு தனியா இன்னொரு இசட்80, அதோட காப்பி அடிக்கிறதைத் தடுக்க 6801 வகை மைக்ரோகண்ட்ரோலர், அதாவது தனக்குள்ளயே புரோகிராம் வெச்சிருக்கிற குட்டி சிப் ஒண்ணு. அந்த சிப்பை மீறித்தான் பாபுள் பாபுள்னு பேரை லேசா திருப்பிப் போட்டுத் திருட்டு போர்டெல்லாம் சந்தைக்கு வந்துச்சு. இதுல பின்னாடி ஒரு சிக்கல் என்னன்னா, சிப்புக்குள்ள இருக்கிற புரோகிராமைப் படிக்க வழியில்லாததால பழைய ஆர்கேட் கேமைக் கம்ப்யூட்டர்ல ஓட்டுற மேம்ங்கிற எமுலேட்டர்ல ரொம்ப வருஷம் அதோட வேலையை ஊகிச்சுத்தான் ஓட்டினாங்க. கடைசில சிப்போட மூடியையே கரைச்சு, உள்ள இருக்கிறதை எடுத்து, அதுக்கப்புறம்தான் அசல் மெஷின் மாதிரியே ஓடுற நிலை வந்துச்சு. ஒரு கேமுக்காக இவ்வளவு மெனக்கெடுறாங்கன்னா அதோட மதிப்பு என்னன்னு நீங்களே பாத்துக்குங்க.

வீட்டு மெஷினுக்கும் கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் வந்துச்சு. பிரிட்டன்ல ஃபயர்பேர்ட் கம்பெனி வெளியிட்ட ஸ்பெக்ட்ரம், காமடோர் 64ன்னு வீட்டுக் கம்ப்யூட்டர் வெர்ஷனெல்லாம் அங்க ஒரு தலைமுறைக்கே செல்லம். டிவில மாட்டி ஆடுற செகா மாஸ்டர் சிஸ்டம்ல 200 ரவுண்டா பெருக்கினாங்க.

இப்ப வாரிசு. நேரடி அடுத்த பாகம் 1987ல ரெயின்போ ஐலண்ட்ஸ், அதுவும் மிட்சுஜிதான், ஆனா அதே கேமைத் திரும்பப் பண்ணலை. பசங்க மனுஷங்களா மாறியாச்சு, குமிழிக்குப் பதில் வானவில், திரையும் மேல மேல ஏறுது. அருமையான கேம், ஆனா ஒரே நேரத்துல ரெண்டு பேர் ஆட முடியாது, எனக்கு அந்தக் குறை இன்னும் உண்டு. அடுத்து 1991ல பாரசோல் ஸ்டார்ஸ், அப்புறம் 1994ல பபுள் சிம்ஃபனி, 1996ல பபுள் மெமரீஸ். மத்த கம்பெனிங்க பாத்துக்கிட்டு சும்மா இருப்பாங்களா, 1990ல டோப்லான் ஸ்னோ பிரதர்ஸ் விட்டாங்க, எதிரியைப் பனில உருட்டித் தள்ளுறது, 1991ல டேட்டா ஈஸ்ட் டம்பிள்பாப், எதிரியை வேக்குவம் கிளீனர்ல உறிஞ்சித் துப்புறது. அடைச்சுப் பிடி, அப்புறம் அவனையே ஆயுதமாக்கு, ரெண்டு பேர், ஒரே திரை, இந்த அச்சு முழுக்க இங்க இருந்து போனது. ஸ்னோ பிரதர்ஸ் எனக்குப் பிடிக்கும், பனி உருண்டை வரிசையா எல்லாரையும் அள்ளிக்கிட்டுப் போறது கண்ணுக்கு விருந்து. ஆனா காத்தோட்டம் இல்லை, செவக்கிற குமிழியை வெச்சுக்கிட்டு இன்னும் ஒருத்தனைச் சேர்க்கலாமா வேணாமான்னு மனசு தவிக்கிற அந்த நிமிஷம் அங்க அவ்வளவா வர்றதில்லை. எடுத்தவங்க வெளி உருவத்தை எடுத்தாங்க, உள்ள ஓடுற கணக்கை எடுக்கலைன்னுதான் சொல்வேன்.

எல்லாத்தையும் விடப் பெரிய வாரிசு எங்க இருக்குன்னா உங்க வீட்டு ஃபோன்லயே இருக்கலாம். 1994ல டைட்டோ இதே டைனோசர்களை வெச்சு பசுள் பாபுள்னு ஒண்ணு பண்ணாங்க, கீழ இருந்து குறி பார்த்து நிறக் குமிழியைச் சுடணும், மூணு ஒரே நிறம் சேர்ந்தா உடையும், தொங்குறது விழும். அம்மா, அத்தை, பாட்டின்னு வயசு வித்தியாசமில்லாம இன்னிக்கு ஃபோன்ல தேய்ச்சுக்கிட்டு இருக்கிற பபுள் ஷூட்டர் கேமெல்லாம் அதோட வழித்தோன்றல்தான். ஆர்கேட் பக்கமே வராதவங்களும் ஆடணும்னு மிட்சுஜி நினைச்சது அவர் நினைச்சே பார்க்காத ஒரு வழியா நடந்திருக்கு. அவர் பின்னாடி டைட்டோவை விட்டு வெளிய வந்து கேம் டிசைன் சொல்லிக் குடுத்தாரு, 2008ல ஐம்பது வயசு கூட ஆகாம இறந்துட்டாரு.

எதுல ஆடுறதுன்னா, முடிஞ்ச வரைக்கும் ஆர்கேட் வெர்ஷனையே ஆடுங்க, வீட்டு வெர்ஷன்ல நிறைய மாறியிருக்கும். 2019ல நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு வந்த பபுள் பாபுள் 4 ஃப்ரெண்ட்ஸ்ல பழைய ஆர்கேட் கேமும் உள்ளயே இருக்கு, 2005ல வந்த டைட்டோ லெஜண்ட்ஸ் தொகுப்புலயும் இருக்கு. தம்பியோ தங்கச்சியோ பக்கத்து வீட்டுப் பையனோ யாராவது ஒருத்தரைக் கூட உக்கார வைங்க, நல்லா ஆடுற ஆளா இருக்கணும்னு அவசியமே இல்லை. முதல் அஞ்சு ரவுண்டு சும்மா ஆடுங்க. ஆறாவதுல இருந்து எதிரியைப் பிடிச்ச உடனே உடைக்காம, குமிழியெல்லாம் எந்தப் பக்கம் போய்க் கூடுதுன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டே பாருங்க. நாலு பேரைச் சேர்த்து ஒரு தடவை வெடிச்சிட்டீங்கன்னா அதுக்கப்புறம் நான் எதுவும் சொல்லவே தேவையில்லை.